நூற்றுப் பதினெட்டாம் எண் பெரியப்பா

என் மகளின் ஆய்வேட்டில் கடைசிப் பதினெட்டுப் பக்கங்களைத் தட்டச்சு செய்தவள் நான். முனைவர் பட்டத்துக்காக, நிலக்கடலைச் செடியின் இலையில் விழும் புள்ளி நோயைப் பற்றி அவள் ஐந்து வருடம் ஆராய்ந்து எழுதியது. அந்தப் பதினெட்டுப் பக்கங்களில் அவளுடைய சொல் ஒன்றுகூடக் கிடையாது. அவள் படித்த கட்டுரைகள், புத்தகங்களின் பட்டியல்தான். யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த இதழ், எத்தனையாம் பக்கம். இதில் என்ன பெரிய தப்பு நடந்துவிடப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்றைக்கும் பிரிண்டர் காகிதத்தை இழுக்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனபோது புதுப் புது அலுவலகங்கள் திறந்தார்கள். தட்டச்சு தெரிந்தவர்களைத் தேடினார்கள். ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் தேறியிருந்த எனக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்றிலிருந்தே நான் ஒரு கடிதத்தை மூன்று தடவை சரிபார்க்காமல் மேசையை விட்டு அனுப்பியதில்லை. கேஸ் அடுப்பையும் மூன்று தடவை பார்ப்பேன், வாசல் பூட்டையும் மூன்று தடவை இழுப்பேன். "உங்கம்மா மூணு தரம் பாக்கலன்னா சூரியனே வராது" என்று மகளிடம் என் கணவர் சொல்வார். அவர் அரசு விதைக் கிடங்கில் வேலை பார்த்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அண்ணன் அங்கே விவசாயம் செய்தார், இவர் டவுனுக்கு வந்துவிட்டார்.

2004ஆம் ஆண்டு மகளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாப்பிள்ளை ஓசூரிலிருந்து கொண்டுவந்து விட்டார். இரண்டு பெட்டிகள் இறங்கின. ஒன்றில் துணிமணி. இன்னொன்றை என் கணவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, கல்லு மாரி கீது" என்றார். திறந்தால் அட்டைகள். உள்ளங்கை அளவு வெள்ளை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக. ஒவ்வொரு அட்டையும் அவள் படித்த ஒரு கட்டுரை. வலது மூலையில் சிவப்பு மையில் எண். மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று.

அவளுடைய பதிவுக்காலம் ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு, மூன்றாம் முறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். குறிப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பிரதிகளைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து, ஐந்து வருடமும் வீண். டாக்டரம்மா பிரசவத்துக்குச் சொன்ன தேதியோ அந்த வெள்ளிக்குப் பத்து நாள் பின்னால். எந்தப் பிள்ளை முந்திக்கொள்ளும் என்று எனக்குக் கவலை. மகளுக்குத் தூக்கம் போய் வாரக் கணக்காகிவிட்டது. விடியும்போது பார்த்தால் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றின் மேல் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

அவளைப் படுத்தியது எழுத்து அல்ல, எண்கள்தான். பட்டியலை ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் அடுக்கி எண் கொடுக்க வேண்டும். ஏட்டுக்குள் எந்த வாக்கியம் யாரிடமிருந்து வந்ததோ, அவருடைய எண்ணை அந்த வாக்கியத்தின் பின்னால் அடைப்புக்குள் போட வேண்டும். நடுவில் புதிதாக ஒரு கட்டுரையைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் மாறும், ஏடு முழுக்கத் தேடித் தேடி அடித்துத் திருத்த வேண்டும். இரண்டு முறை கையாலேயே செய்தாள். இரண்டாம் முறை பேனாவை வீசிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகும் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் போனில் கூப்பிட்டு, "இன்னும் நாலு பேப்பர் சேத்துக்கோம்மா" என்றார்.

அப்போதுதான் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். வெளிநாட்டுக்காரர்கள் மெயில் அனுப்ப வரும் இடம். நடத்தியது எம்.சி.ஏ. படித்த ஒரு பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயது சின்னவள் இருப்பாள். அங்கே வந்த ஓர் ஆராய்ச்சிக்காரரின் மடிக்கணினியில், இந்தப் பட்டியல் வேலையைத் தானே செய்யும் மென்பொருள் ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள். வெளிநாட்டுச் சரக்கு, நம்மால் வாங்க முடியாத விலை. "ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னு பாத்தேன் ஆன்ட்டி. பெரிய வித்தையெல்லாம் இல்ல. நம்மளே எழுதிக்கலாம்னு தோணுச்சு, எழுதிட்டேன்" என்றாள், ரசம் வைத்ததைச் சொல்வதுபோல.

அவள் எழுதிய புரோகிராமுக்கு இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்றில் ஆய்வேடு. அதில் ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் அட்டை எண்ணை மட்டும் போட்டிருக்க வேண்டும். இன்னொன்றில் பட்டியல், ஓர் அட்டைக்கு ஒரு வரி. முதல் வரி முதல் அட்டை, நாற்பத்தைந்தாம் வரி நாற்பத்தைந்தாம் அட்டை, அதே வரிசை. பிறகு ஒரே ஒரு பொத்தான். அதுவே பெயர்களை அகரவரிசையில் அடுக்கும், புது எண் கொடுக்கும், இதழின் பெயரைச் சாய்த்து எழுதும், புள்ளியும் காற்புள்ளியும் வைக்கும், ஏட்டுக்குள் போய் ஒவ்வொரு அட்டை எண்ணையும் அழித்துப் புது எண்ணை அடைப்புக்குள் உட்கார வைக்கும்.

ஏடு ஏற்கெனவே மகளின் ஃப்ளாப்பியில் இருந்தது. பட்டியலைத் தட்டச்சு செய்ய நான் அலுவலகத்தில் நான்கு நாள் விடுப்பு போட்டேன். முதல் நாள் பத்து அட்டைகளை அடித்ததும் சோதனைக்காக அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். கண் இமைப்பதற்குள் பத்துப் பெயரும், கலெக்டர் வரும் நாளில் எங்கள் அலுவலக மேசைகள் நிற்பதுபோல நேராக நின்றன. மகள் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய அட்டைகளோடு ஒப்பிட்டேன். மூன்று தடவை பார்த்தேன். பத்தும் சரி. பதினைந்து வருடம் காற்புள்ளிக்காக வாழ்ந்தவள் நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

நான்காம் நாள் எல்லாம் முடிந்தது. ஒரு பிரதி பிரிண்ட் எடுத்து, நான்கு ஜெராக்ஸ் போட்டு, தேரடித் தெருவுக்குப் பின்னால் இருந்த பைண்டிங் கடையில் கொடுத்தோம். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஐந்து பிரதிகளும் நீல ரெக்சின் அட்டையில் தங்க எழுத்துகளோடு வீட்டுக்கு வந்தன. வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. சாமி படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். மகள் ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

என் கணவருக்கு அந்த ஏட்டில் ஒரே ஒரு விஷயம்தான் வேண்டும். அவருடைய அண்ணன், அதாவது மகளின் பெரியப்பா, அந்தப் பட்டியலில் இருந்தார். ஆராய்ச்சியில் பாதி அவருடைய நிலத்தில்தான் நடந்தது. கம்பு போட்ட நிலத்தில் அடுத்த போகம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டால் இலையில் புள்ளி கம்மி என்று அவர்தான் முதலில் இவளிடம் சொன்னார். இவள் மூன்று வருடம் சோதித்துப் பார்த்தாள், அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. யார் சொன்னதோ அவர் பெயரைப் போட்டாக வேண்டும், விவசாயியாக இருந்தாலும் சரிதான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அதனால் நாற்பத்தைந்தாம் அட்டையில் பெரியப்பாவின் பெயர், ஆண்டு, 'நேரில் சொன்னது' என்ற குறிப்பு.

"எங்கண்ணன் எங்க கீறாரு?" என்று கேட்டுக்கொண்டே கணவர் ஒரு பிரதியை மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசில பாருப்பா. நூத்திப் பதினெட்டு."

கண்டுபிடித்தார். அண்ணனுக்கு மேலே ஓர் அமெரிக்கர், கீழே ஒரு ஜப்பானியர். "ரெண்டு வெள்ளக்காரங்களுக்கு நடுவுல குந்திக்கினு கீறாரு" என்றார். ஜப்பானியர் வெள்ளைக்காரர் இல்லை என்று மகள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் சொன்ன வாக்கியத்தையே பார்த்துவிட வேண்டும் என்று முதல் பக்கத்திலிருந்து அடைப்பு அடைப்பாக விரலை வைத்துத் தேட ஆரம்பித்தார். விதை மூட்டைச் சீட்டுகளைப் படித்துப் படித்து அவருக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அத்துப்படி. அறுபத்தொன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்தா, நூத்திப் பதினெட்டு! என்னா சொல்லிக்கிறாரு, படிம்மா."

மகள் சிரித்துக்கொண்டே வாங்கித் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். "எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாக்கறப்ப, பூஞ்சை வித்தோட சுவரு ரெண்டு அடுக்கா..." அங்கே நின்றுவிட்டாள்.

"யாரு, எங்கண்ணனா?" என்றார் இவர். "கண்ணாடி இல்லன்னா அவருக்கு எதுர்ல வர்ற பஸ்சே தெரியாது. அவரு எப்பம்மா மைக்ராஸ்கோப்பு பாத்தாரு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. பக்கங்களை வேகமாகத் தள்ளி எண்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போனாள். கம்புக்கும் மல்லாட்டைக்கும் உள்ள தொடர்பு அங்கே இருந்தது. அதன் பின்னால் இருந்த எண் பெரியப்பாவுடையது அல்ல. செடியின் திசுவைக் கண்ணாடிக் குப்பியில் வளர்ப்பதைப் பற்றி எழுதிய யாரோ ஒருவருடையது. வேறொரு பக்கம் திருப்பினாள். தப்பு. இன்னொன்று. அதுவும் தப்பு. மழை அளவைச் சொன்னவர் பெயரில் மருந்து தெளிப்பு, மருந்து தெளித்தவர் பெயரில் மண். ஏடு முழுக்க, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாகப் போட்டிருந்தது.

புத்தகம் அவள் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"கார்ட நான்தாம்மா மாத்தி அடுக்கிட்டேன்" என்றாள். "தூக்கமில்லாம கண்டபடி நம்பர் போட்டுட்டேன். அஞ்சு வருஷம்மா. இதப் படிக்கிறவங்க நான் எதையுமே படிக்காம எழுதிட்டேன்னுதான சொல்லுவாங்க?"

அவள் கால்கள் வீங்கியிருந்தன. கையை வயிற்றில் வைத்திருந்தாள். எனக்கு ஏடே மறந்துபோய்விட்டது. "நீ படு. நான் போய் அந்தப் பொண்ணப் பாத்துட்டு வரேன். மிஷினு தப்பாத்தான் இருக்கும்" என்றேன். எனக்கு அப்போது மெஷின் மேல் சந்தேகம் இல்லை. மகள் மேல்தான் இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

கணவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து செங்கம் சாலைக்குப் போனேன். சென்டரில் ஒரு வெளிநாட்டு அம்மாள் மட்டும் மூலைக் கணினியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "என் புரோகிராம்லதான் ஏதோ இருக்குது ஆன்ட்டி. அக்கா பாவம்" என்றாள். ஆக, வீட்டில் ஒருத்தி நான்தான் என்கிறாள், இங்கே ஒருத்தி நான்தான் என்கிறாள். நான் நடுவில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன்.

அவள் பட்டியல் கோப்பைத் திறந்து மேலே போனாள்.

"இது என்னா ஆன்ட்டி?"

முதல் வரியில் தனியாக ஒரு 2. அதையடுத்து இரண்டு சின்னக் கோடுகள். வேறு எதுவும் இல்லை.

அது என் பிள்ளையார் சுழி.

முதல் நாள் பத்து அட்டையை அடித்துவிட்டு வீட்டுக்குப் போனபோதுதான் பிள்ளையார் சுழி போடாமல் ஆரம்பித்துவிட்டேன் என்று உறைத்தது. எந்தத் தாளிலும் அப்படி நான் ஆரம்பித்ததில்லை. பால் கணக்கு, பருப்பு லிஸ்ட் என்று எதை எழுதினாலும் முதலில் அதுதான். ஆங்கிலத் தட்டச்சில் 'உ' கிடையாது என்பதால் அலுவலகத்தில் ஒரு 2 அடித்து இரண்டு கோடு இழுத்துக்கொள்வேன், சின்னதாக, மேல் மூலையில். அதிகாரிகள் அதைக் கண்டுகொண்டதில்லை. இது பிள்ளையின் ஐந்து வருட உழைப்பு, அதுவும் பிரசவ நேரம். மறுநாள் காலை சென்டருக்குப் போனதும் முதல் வேலையாகக் கோப்பின் தலையில் ஒரு வரியைத் திறந்து அதை வைத்துவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பதினோராவது அட்டையை எடுத்தேன்.

புரோகிராமுக்கு அது பிள்ளையார் என்று எப்படித் தெரியும்? முதல் அட்டை என்று நினைத்துக்கொண்டது. முதல் அட்டையை இரண்டாவதாக எண்ணியது, நாற்பத்தைந்தாவதை நாற்பத்தாறாவதாக. மகள் 46 என்று போட்ட இடத்தில் எல்லாம் பெரியப்பா போய் உட்கார்ந்துவிட்டார். இருநூற்று முப்பத்தொரு பேரும் ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆத்தர் பேரு இல்லாத வரிய லிஸ்ட்ல பிரிண்ட் பண்ணக் கூடாதுன்னு எழுதிட்டேன் ஆன்ட்டி. அதனாலதான் கடைசிப் பக்கத்துல தெரியல. ஆனா எண்ணறப்ப சேத்துக்குது" என்று அவள் விளக்கினாள். அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பிரிண்ட் எடுத்தபோது மூன்றாம் பக்கத்தில் ஓர் அடைப்பு காலியாக இருந்தது. மை விழவில்லை போலிருக்கிறது என்று மகளின் கோப்பில் அங்கே இருந்த 1ஐப் பார்த்து, முதல் அட்டைக்குப் பட்டியலில் விழுந்த எண்ணை நானே கறுப்புப் பேனாவால் அழகாக எழுதி வைத்தேன். அந்த ஏடு முழுவதிலும் சரியாக இருந்த ஒரே எண் நான் பேனாவால் எழுதியதுதான்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். மூலையில் இருந்த வெளிநாட்டு அம்மாள் திரும்பி என்னவென்று கேட்டார். இவள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னதும் அவரும் சிரித்து, பதிலுக்கு ஏதோ கேட்டார்.

"கடவுளையும் ஒரு ரெஃபரன்ஸா எண்ணிட்டோம்னு சொன்னேன் ஆன்ட்டி. எந்த வருஷம், எந்தப் பப்ளிஷர்னு கேக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அழிச்சிடும்மா, சீக்கிரம் அழி" என்றேன்.

அவள் விரல் பொத்தானுக்குப் போனது. நின்றது. என்னைப் பார்த்தாள். "நானா அழிக்கணும்?"

"ஏம்மா?"

"இல்ல ஆன்ட்டி... பிள்ளையாரு. அக்காவுக்கு வேற இன்னும் ரெண்டு வாரத்துல... நீங்களே அழிச்சிடுங்களேன்."

விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள். நான் கணவர் பக்கம் பார்த்தேன். "என்ன ஏன் பாக்கற? நானா போட்டேன்?" என்று அவர் இரண்டடி பின்னால் போனார். எம்.சி.ஏ. படித்தவள் ஒருத்தி, அரசாங்க வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர், ஓர் எண்ணையும் இரண்டு கோட்டையும் அழிக்க ஆள் இல்லாமல் நின்றோம். சரி, நான் போட்டது என்று விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை.

அந்தப் பெண்தான் கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவரு இருந்துட்டுப் போகட்டும் ஆன்ட்டி. எண்ணறத அவருக்கு அப்பறம் ஆரம்பிச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் புரோகிராமையே திறந்தாள். எங்கோ ஓரிடத்தில் எதையோ மாற்றினாள். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து எண்ணும்படி. பிறகு அந்த ஒரு பொத்தானை அழுத்தினாள்.

ஐந்து வருடமாக என் மகளை அழவைத்த எண்கள் அத்தனையும் மூச்சு விடும் நேரத்தில் மாறின. "எம்பத்தெட்டு, எம்பத்தெட்டு" என்று கணவர் கத்தினார். எண்பத்தெட்டாம் பக்கத்தைக் கொண்டுவந்தாள். கம்பு, மல்லாட்டை, அடைப்புக்குள் 118. அண்ணன் தன் நிலத்துக்குத் திரும்பியிருந்தார். என் கணவர் மூக்கை உறிஞ்சினார். நான் திரையிலேயே மூன்று தடவை, அல்ல, அன்றைக்கு ஐந்து தடவை சரிபார்த்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினோம். சைக்கிளில் வரும்போதே கணவர், "மிஷினு தப்புன்னு சொல்லிடு. அந்தப் பொண்ணும் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன்" என்றார். அது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் மகள் காத்திருந்தாள், மடியில் இருநூற்று முப்பத்தொரு அட்டைகளோடு. மதியம் முழுக்கத் தான் எங்கே தப்பு செய்தோம் என்று ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறாள். "எதுலயுமே தப்பு தெரிய மாட்டேங்குதும்மா. எனக்குப் புத்தியே போய்டுச்சு போல" என்றாள்.

"உன் கார்டு எல்லாம் சரிடீ. நான்தான்" என்றேன். "பிள்ளையார் சுழி போட்டுட்டேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். முதலில் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போதும்மா, போதும்பா, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கணவர் வேறு, "ஆளாளுக்கு அழிக்க மாட்டேன்னு நின்னாங்க பாரு" என்று நடித்துக் காட்டினார். இங்கேயே பிரசவம் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.

மறுநாள் புதன்கிழமை பௌர்ணமி. அதை அவசரத்தில் நாங்கள் யாரும் நினைக்கவேயில்லை. காலையில் மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. பிரிண்ட் முடிந்து, பக்கத்திலேயே ஜெராக்ஸ் எடுத்துக் கட்டும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கீழே இறங்கிப் பார்த்தால் சாலை நிறைய ஜனம். கோயிலிலிருந்து கிளம்பிக் கிரிவலம் வருகிறவர்கள் எல்லாரும் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோ கிடையாது. பைண்டிங் கடையோ கோயிலுக்குப் பக்கத்தில். காகிதக் கட்டுகளைச் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, அவர் தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொள்ள, அவ்வளவு பேருக்கும் எதிராக நடந்தோம்.

"எதுர்ல வராதீங்கம்மா, பாவம் சேரும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். அந்தப் பயம் எனக்கே இருந்தது. ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டி நிறுத்தினார். "எங்கய்யா போற? எல்லாரும் அந்தாண்ட போறாங்க, நீ மட்டும் இந்தாண்ட போற?"

"புள்ளத்தாச்சி விஷயம் சார், கொஞ்சம் வழி உடுங்க" என்றார் என் கணவர்.

போலீஸ்காரர் என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், என் நரையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் விசில் ஊதி வழி செய்து கொடுத்தார். வீதி திரும்பும் வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பைண்டிங் கடைக்காரர் நீல அட்டைகளைத் தடவிப் பார்த்தார். "கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேரயே தப்பா அடிச்சிட்டு வந்து நின்னிருக்காங்கம்மா. இது என்னா பெருசு?" என்றார். அட்டைகளைக் கிழிக்காமல் உள்தாள்களை மட்டும் உருவிவிட்டுப் புதுத் தாள்களைத் தைத்து ஒட்டித் தருவதாகச் சொன்னார். பசை காய ஒரு நாள். வியாழன் சாயங்காலம் ஐந்தும் வந்துவிட்டன. அவற்றை மகளே ஒரு மணி நேரம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் கணவரும் கிளம்பினோம். துணைக்காக மகளை எதிர்வீட்டு அம்மாளின் வீட்டில் விட்டிருந்தோம். பல்கலைக்கழகத்தில் அந்தப் பிரிவு மாடியில் இருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்கு பேர். ஐந்து பிரதிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பிரதிகளை எண்ணினார், கையெழுத்தைப் பார்த்தார், ஒரு பிரதியின் கடைசிப் பக்கங்களை விரலால் சர்ரென்று ஓட்டினார். அந்தச் சத்தத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. "ரெஃபரன்ஸ்லாம் சுத்தமா இருக்குதே, யாரு டைப் பண்ணது?" என்றார்.

"இவங்கதாங்க" என்று கணவர் சொன்னார்.

முத்திரை விழுந்தது. ஐந்து முறை. ரசீதைக் கையில் வாங்கி மகளின் பெயரையும் தேதியையும் பார்த்தேன். கீழே இறங்கி வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் எதிர்வீட்டு எண்ணுக்குப் போட்டேன். மணி ஒருமுறைகூட முழுசாக அடிக்கவில்லை. மகளே எடுத்தாள். போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"முத்திர போட்டாங்களா?"

"போட்டாங்கடீ. அஞ்சுலயும்."

"ரசீது?"

"கையில கீது."

மறுமுனையில் சத்தமே இல்லை. வலி வந்துவிட்டதோ? "என்னாடீ, என்னா பண்ணுது?" என்று கத்தினேன். பூத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். வாயைத் திறந்து நீளமாக ஒரு கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. "நான் தூங்கப் போறேன். நீங்க வந்தா எழுப்பாதீங்க."